பட்டர்வொர்த்திலிருந்து ஓடும் மின்சார இரயில்

இரயிலோசை நம் பாகான் டாலாம் மக்களுக்குப் புதியதன்று. மேற்கே கடல், தெற்கே பிறை ஆறு, இடையே துறைமுகம், ஃபெர்ரித் துறை, இரயில் நிலையம் என அமைந்தது பட்டர்வொர்த். அதன் அண்டையிலேயே நாம் வாழ்கிறோம். ஆயினும், இன்று அந்நிலையத்திலிருந்து புறப்படும் வண்டிகளைக் கண்டு பெரியவர்கள் வியக்கின்றனர். எஞ்சின் எங்கே என்று கேட்கின்றனர். புகை இல்லை; பெரும் இரைச்சல் இல்லை; வந்த வண்டியே சற்று நேரத்தில் திரும்பிப் போய்விடுகிறது. இவ்வண்டிகள் எவ்வாறு விரைந்து ஓடுகின்றன, அவற்றால் நம் போன்ற ஊர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நெசவாளர் தறியில் நாடா ஒன்று இப்புறமும் அப்புறமும் ஓயாது ஓடுவதைப் படத்திலேனும் கண்டிருப்பீர்கள். அதுபோல இரண்டு ஊர்களுக்கிடையே ஒரே வண்டி போவதும் வருவதுமாக இருந்தால், அதனை ஆங்கிலேயர் ‘ஷட்டில்’ வண்டி என்பர். அச்சொல் தறியின் நாடாவைக் குறிக்கும் சொல்லே. பட்டர்வொர்த்துக்கும் தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாருக்கும் இடையே 2015ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் கொமுட்டர் மின்சார இரயில் அத்தகையதுதான்.

இதன் பெருமையை உணர வேண்டுமாயின், முன்னர் எப்படி இருந்தது என்பதை அறிய வேண்டும்.

மலாயாவின் முதல் இரயில் 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்கு ஓடியது. தொலைவு எட்டு மைல்தான். ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்ல அமைத்த பாதை அது. அதனை அமைக்க இலங்கையிலிருந்து ‘பயனியர்’ படைப்பிரிவைச் சேர்ந்த தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். பின்னர் நாடெங்கும் பாதை நீண்டபோது, சதுப்பு நிலத்தில் மண் கொட்டி மேடாக்கியதும், சிலிப்பர் கட்டைகளை அடுக்கியதும், கருங்கல் சல்லி பரப்பியதும் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கைகளே. ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் அமர்ந்தனர். இரயிலைப் பற்றிப் பேசும்போது நம்முடைய முன்னோரைப் பற்றியும் பேசுகிறோம் என்பதை மறத்தல் ஆகாது.

1903ஆம் ஆண்டில் பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்ச்சியாக இரயில் ஓடலாயிற்று. 1909இல் அது ஜொகூர் பாருவை எட்டியது. அந்நாளில் வடக்குமுனை நிலையம் பட்டர்வொர்த் அன்று. ஆற்றுக்குத் தென்கரையிலுள்ள பிறையே. பினாங்குத் தீவிலிருந்து வருவோர் படகேறிப் பிறைத் துறைக்கு வந்து இரயில் ஏறுவர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த இரயில் பாதை தீவை எட்டவில்லை. எனினும் ஜார்ஜ் டவுனில் 1907ஆம் ஆண்டு மணிக்கூண்டோடு கூடிய இரயில்வே கட்டடம் ஒன்றைக் கட்டினர். அங்கே பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு, படகில் கடலைக் கடந்து, இக்கரையில் வண்டி ஏறுவது வழக்கம். இரயில் வாராத இரயில் நிலையம் என்று அதனைச் சொல்வதுண்டு. கட்டடம் இன்றும் இருக்கிறது. சுங்கத்துறை அலுவலகமாக மாறியபின் அதன் பெயர் விஸ்மா கஸ்தாம்.

பிறை ஆற்றின் குறுக்கே இரயில் பாலம் அமைந்து, பட்டர்வொர்த்துக்கு நிலையம் வந்தது 1967ஆம் ஆண்டில்தான். கப்பல்களும் படகுகளும் செல்லும்பொருட்டு நடுப்பகுதி திரும்பித் திறக்கும் சுழல் பாலமாக அது அமைக்கப்பட்டது. ஃபெர்ரியிலிருந்து இறங்கியவர் நடந்தே இரயிலை அடையும் வசதி அப்போதுதான் கிட்டியது.

வடக்கு நோக்கிய பாதை கெடா, பெர்லிஸ் மாநிலங்களைக் கடந்து 1918ஆம் ஆண்டில் சயாம் இரயிலோடு பாடாங் பெசாரில் இணைந்தது. இப்பாதைக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைப்பதற்காகத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே கொண்டு சென்றனர். திரும்பி வாராதவர் பலர். அப்பாதைக்குத் தேவையான தண்டவாளங்களுள் ஒரு பகுதியை நம் நாட்டின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்தே பெயர்த்தெடுத்தனர். ‘சயாம் மரண இரயில்’ என்று நம் தாத்தா பாட்டிமார் தாழ்ந்த குரலில் கூறக் கேட்டிருக்கலாம். வீட்டில் முதியோர் இருப்பின் கேட்டறியுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத செய்திகள் அவர்களிடம் உண்டு.

போரில் தோற்று, நகரங்கள் சாம்பலான அதே ஜப்பான், இருபது ஆண்டுகள் முடிவதற்குள் உலகம் வியக்கும் ஓர் இரயிலை ஓட்டிக் காட்டியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், தோக்கியோவுக்கும் ஓசாகாவுக்கும் இடையே ‘சிங்கான்சென்’ ஓடத் தொடங்கியது. சிங்கான்சென் என்பதற்குப் ‘புதிய பெருவழி’ என்பது பொருள். பெயரில் வேகமும் இல்லை, தோட்டாவும் இல்லை, வழிதான் இருக்கிறது. அதுவே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

அதுவரை ஜப்பானிய இரயில் பாதை 1,067 மில்லிமீட்டர் அகலமே கொண்டது. நம் நாட்டுப் பாதையோ ஒரு மீட்டர். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. வளைவுகள் மிகுதி, சாலைகள் குறுக்கே செல்லும், சரக்கு வண்டியும் பயணிகள் வண்டியும் ஒரே பாதையில் முந்தவும் முடியாமல் ஒதுங்கவும் முடியாமல் திணறும். எவ்வளவு வலிய எஞ்சினைப் பூட்டினாலும் அத்தகைய பாதையில் வேகம் ஓரளவுக்கு மேல் ஏறாது. அந்நாட்டு இரயில்வேயின் தலைவர் சோகோ ஷிஞ்சியும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் பழைய பாதையைத் தட்டிக் கொட்டுவதை விட்டு, 1,435 மில்லிமீட்டர் அகலத்தில் முற்றிலும் புதிய இரட்டைப் பாதையை அமைக்க முடிவு செய்தனர். அதில் ஓரிடத்திலும் சாலை குறுக்கிடாது. செலவு மதிப்பீட்டைப்போல் ஏறக்குறைய இருமடங்காகிவிட்டமையால், 1963ஆம் ஆண்டில் இருவரும் பதவியை விட்டு விலகினர். மறு ஆண்டில் ஓடிய வண்டி மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் கண்டது.

அவ்வேகத்தில் ஒரு நொடிக்கு 58 மீட்டர் கடந்துவிடும். பாதையோரத்தில் நிற்கும் சிவப்பு, பச்சை விளக்குகளை ஓட்டுநர் கண்டு நிதானிக்க நேரம் போதாது. ஆகவே, எவ்வளவு வேகத்தில் போகலாம் என்னும் குறிப்பு ஓட்டுநரின் முன்னாலேயே தோன்றுமாறும், மீறினால் வண்டி தானே வேகத்தைக் குறைக்குமாறும் அமைத்தனர். அன்றுமுதல் இன்றுவரை சிங்கான்சென் வண்டிகள் மோதியோ தடம் புரண்டோ பயணி ஒருவரும் உயிரிழந்ததில்லை.

அதே பாதையில் இருவகை வண்டிகளை விட்டனர். ‘ஹிகாரி’ என்பது ஒன்று. ஒளி என்று பொருள். அது சில நிலையங்களில் மட்டுமே நின்று, 515 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடந்தது. ‘கோதாமா’ என்பது மற்றொன்று. எதிரொலி என்று பொருள். அது எல்லா நிலையங்களிலும் நின்று, ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஒளி முந்தும், ஒலி பிந்தும் என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? பெயர் வைத்தவர் அறிந்தே வைத்திருக்கிறார்.

இனி நம் நாட்டிற்குத் திரும்புவோம். நம் பாதையும் நெடுங்காலம் ஒற்றைப் பாதையாகவே இருந்தது. எதிரே ஒரு வண்டி வருமாயின், இந்த வண்டி ஏதேனும் ஒரு நிலையத்தில் ஒதுங்கிக் காத்திருக்கத்தான் வேண்டும். நிலைய அதிகாரி ‘டோக்கன்’ கொடுத்தால்தான் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையலாம். ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே இருக்கும். பாதுகாப்பான முறைதான், ஆனால் பொறுமை வேண்டும். கோலாலம்பூர் செல்ல இரவில் ஏறினால் பொழுது விடியும்.

2008ஆம் ஆண்டில் ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான 329 கிலோமீட்டரை மின்சார இரட்டைப் பாதையாக மாற்றும் பணி தொடங்கியது. பாதை நெடுகிலும் பழைய இரயில் கேட்டுகள் நீங்கின. அவற்றின் இடத்தில் மேம்பாலங்கள் எழுந்தன. பேராக்கில் புக்கிட் பெராப்பிட் மலையை 3.3 கிலோமீட்டர் நீளத்திற்கு இரட்டைச் சுரங்கமாகக் குடைந்தனர். புக்கிட் மேரா ஏரியின்மீது ஏறக்குறைய 3.5 கிலோமீட்டர் நீளப் பாலம் கட்டினர். நம் பிறை ஆற்றில் 1967ஆம் ஆண்டுப் பாலத்திற்குப் பதிலாக இரட்டைப் பாதை கொண்ட புதிய சுழல் பாலம் 2013இல் பயன்பாட்டிற்கு வந்தது. 2015ஆம் ஆண்டு ஜூலையில் இ.டி.எஸ். என்னும் விரைவு மின்சார இரயில் பாடாங் பெசார் வரை ஓடலாயிற்று. பட்டர்வொர்த்துக்கும் கொமுட்டர் வந்தது.

ஜப்பானியர் செய்ததும் இதுதானே என்று கேட்பீர்கள். ஒரு பாதி இதுதான். இரட்டைப் பாதை, கேட்டு இல்லாமை, மின்சாரம், நேர் செய்த வளைவுகள் ஆகியன ஒன்றே. ஆனால் நாம் ஒரு மீட்டர் அகலத்தை மாற்றவில்லை. சரக்கு வண்டிகளும் அதே பாதையில் ஓடுகின்றன. ஆகவே இ.டி.எஸ். வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். உலக வழக்கில் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்டதையே அதிவேக இரயில் என்பர். ஆதலால் நம்முடையதை விரைவு இரயில் என்று சொல்வதே முறை. இல்லாத பெருமையைச் சேர்ப்பானேன்? ஒரு மீட்டர் அகலப் பாதையில் 140 என்பதே குறைந்த சாதனையன்று.

எஞ்சின் எங்கே என்னும் கேள்விக்கு இப்போது வருவோம். நீராவி, டீசல் வண்டிகளில் எஞ்சின் முன்னே நின்று எல்லாப் பெட்டிகளையும் இழுக்கும். இவ்வகை மின்சார இரயிலில் தனி எஞ்சின் இல்லை. பயணிகள் அமரும் பெட்டிகள் பலவற்றின் அடியிலேயே மோட்டார்கள் உள்ளன. தேரை ஒருவர் மட்டும் இழுத்தால் நகருமா? பலர் வடம் பிடித்தால் எளிதாக நகரும். அதுபோல பல சக்கரங்கள் ஒருங்கே உந்துவதால், வண்டி நின்ற இடத்திலிருந்து விரைவில் வேகம் பிடிக்கிறது. அடிக்கடி நின்று புறப்படும் வண்டிக்கு இக்குணம் இன்றியமையாதது. சிங்கான்சென்னின் முதல் வண்டிகளிலும் ஒவ்வொரு பெட்டியிலும் மோட்டார் இருந்தது.

மின்சாரம் மேலேயுள்ள கம்பியிலிருந்து வருகிறது. கூரைமேல் மடங்கி விரியும் கை ஒன்று கம்பியைத் தொட்டுக்கொண்டே செல்லும். மின்சாரம் மோட்டாருக்குச் சென்று, சக்கரத்தின் வழியே தண்டவாளத்தில் இறங்கித் திரும்பும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. பட்டர்வொர்த்தில் வந்து நின்றதும், ஓட்டுநர் இறங்கி மேடை வழியே நடந்து மறுமுனைக்குச் செல்வார், வால் தலையாகிவிடும். முற்காலத்தில் நீராவி எஞ்சினைக் கழற்றி, வட்டத்தட்டில் ஏற்றித் திருப்பி, மீண்டும் பூட்ட வேண்டியிருந்தது. நாடாவைப் போல் ஓடுவது இப்போதுதான் இயல்கிறது.

நம் ஊருக்கு உரிய சிக்கல் ஒன்று உண்டு. தேசப் படத்தை எடுத்துப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து பாடாங் பெசார் செல்லும் நேர்ப்பாதை பட்டர்வொர்த்தைத் தொடுவதில்லை. புக்கிட் மெர்தாஜாம் வழியாகவே வடக்கே ஏறிவிடுகிறது. பட்டர்வொர்த் ஒரு கிளைப் பாதையின் முனை. கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கே நேரே வரும் இ.டி.எஸ். வண்டிகள் உள்ளன. ஆனால் பாடாங் பெசாருக்குச் செல்லும் விரைவு வண்டிகள் புக்கிட் மெர்தாஜாமில் நின்று போய்விடும். அவ்வண்டியைப் பிடிக்க வேண்டுமானால் நாம் அங்கே செல்ல வேண்டும். பினாங்குத் தீவிலிருந்து வருவோர்க்கும் அதே நிலைதான். விரைவு வண்டி எவ்வளவு விரைந்தாலும், அது நிற்குமிடத்திற்குச் செல்ல வழியில்லாதவருக்கு அதனால் பயனில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது கொமுட்டர். பட்டர்வொர்த், புக்கிட் தெங்கா, புக்கிட் மெர்தாஜாம், தாசேக் குளுகோர், சுங்கைப் பட்டாணி, குருண், அலோர் ஸ்டார், ஆராவ் என நின்று நின்று அது செல்கிறது. சிறுநகரத்து மக்கள் தலைநகர் வண்டிகளை வேடிக்கை பார்ப்பதோடு நில்லாமல், தாமும் இரயிலேற முடிவது அதனால்தான்.

ஜப்பானிலும் இதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. ஃபுக்குவோக்கா நகரின் ஹகாத்தா நிலையத்திற்குச் சிங்கான்சென் 1975ஆம் ஆண்டில் வந்தது. வண்டிகளைக் கழுவிப் பழுது பார்க்கும் பணிமனையை நகருக்கு வெளியே நக்காகாவா என்னும் ஊர்ப்பக்கம் அமைத்தனர். ஹகாத்தாவில் பயணிகளை இறக்கிய வண்டி, வெறுமையாகப் பணிமனைக்கு வரும்; வெறுமையாகவே திரும்பும். அவ்வூர் மக்களோ நகருக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நெரிசலில் செல்ல வேண்டியிருந்தது. தம் வீட்டருகே நாள்தோறும் காலியாகப் போகும் வண்டியைக் கண்டவர்கள், ‘அதில் எங்களையும் ஏற்றிச் செல்லலாகாதா?’ என்று கேட்டனர். கேட்டதில் நியாயம் இருந்தது. 1990ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பணிமனை அருகே ஹகாத்தா-மினாமி என்னும் சிறு நிலையம் திறக்கப்பட்டது. தொலைவு எட்டரை கிலோமீட்டர். பயணம் பத்து நிமிடம். சட்டப்படி அது சிங்கான்சென் பாதையே அன்று. சாதாரணப் பாதை என்றே பதிவாகியுள்ளது. ஓடுவதோ சிங்கான்சென் வண்டி! கட்டணமும் மிகக் குறைவு. மாணவரும் அலுவலகம் செல்வோரும் அதில்தான் நகருக்குப் போய் வருகின்றனர். ஊர் வளர்ந்து, 2018ஆம் ஆண்டில் நக்காகாவா நகரத் தகுதியும் பெற்றது.

அந்தப் பத்து நிமிட ஓட்டத்தில் வண்டி தன் முழு வேகத்தைக் காட்டுவதே இல்லை. எனினும் ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கியதே! வேகம் என்பது கருவியில் காட்டும் எண் மட்டுமன்று என்பது இதனால் விளங்கும். கணக்குப் பாடத்தில் படித்த சராசரி வேகத்தை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம். சென்ற தொலைவை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு ஹிகாரி 515 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் கடந்தது என்றோம். வகுத்தால் ஏறக்குறைய 129 வரும். உச்ச வேகம் 210, சராசரி 129. நம் கொமுட்டர் பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை ஏறக்குறைய 170 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்திற்குள் கடக்கிறது. இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொண்டாலும் சராசரி 85 வரும். வழியில் அத்தனை நிலையங்களில் நின்றும் 85! சாலை நெரிசலில் பிறைப் பாலத்தருகே நிற்கும் மோட்டார் வண்டியின் சராசரியை அப்பாவிடம் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாவுக்குச் சினம் வந்தால் நாம் பொறுப்பல்ல.

இத்தனை நன்மைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இதனைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் மனத்திலிருத்த வேண்டும். மேற்கம்பியில் பாயும் மின்சாரம் 25,000 வோல்ட். நம் வீட்டு மின்சாரத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல். கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று எண்ண வேண்டா. மிக அருகில் சென்றாலே மின்சாரம் காற்றில் தாவிப் பாயும். ஆகவே நிற்கும் சரக்குப் பெட்டியின்மீது ஏறுதல், மேம்பாலத்திலிருந்து கம்போ கயிறோ தொங்கவிடுதல், பாதையருகே பட்டம் விடுதல் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். பட்டம் கம்பியில் சிக்கினால் போகட்டும் என விட்டுவிடுங்கள். இன்னொரு பட்டம் செய்துகொள்ளலாம்.

பழைய டீசல் வண்டி தொலைவிலேயே உறுமிக்கொண்டு வரும். மின்சார இரயில் அப்படி வருவதில்லை. 140 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 39 மீட்டர் கடக்கும். ஒரு பந்து மைதானத்தின் நீளத்தை மூன்று நொடிக்குள் தாண்டிவிடும். ஓசை காதில் விழுந்தபின் ஓடித் தப்பலாம் என்பது நடவாத செயல். பாதையோரத்து வேலியில் ஆள் நுழையும் அளவு ஓட்டையைக் கண்டால், அதன் வழியே குறுக்கு வழி போகாமல், ஆசிரியரிடமோ நிலையத்தாரிடமோ தெரிவியுங்கள்.

2018ஆம் ஆண்டு நவம்பரில் பினாங்கு சென்ட்ரல் திறக்கப்பட்டபின், பட்டர்வொர்த்தில் பேருந்தும் ஃபெர்ரியும் இரயிலும் ஒன்றையொன்று அடுத்தே அமைந்துள்ளன. அடுத்த பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் சென்று, புறப்பாட்டு அட்டவணையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கொமுட்டரில் ஏறினால், புக்கிட் மெர்தாஜாமில் வடக்கே போகும் எந்த இ.டி.எஸ். வண்டியைப் பிடிக்கலாம், நடுவே எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு வாருங்கள். மாணவர் பலர் கணக்கிட்டு வந்தால், விடைகளை வகுப்பில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.